அண்ணாச்சி கடைக்கு வந்த போன்

அன்புள்ள செல்வத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்றுதானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் "அப்புறம் பேசறேம்மா, மீட்டிங்" என்கிறாய். இதை மீட்டிங் முடிந்த பிறகு படி.

தீபாவளிக்கு வந்தபோது திண்ணையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "ரெண்டு போஸ்ட்டுக்கு அறுநூறு பேர் போட்டிருக்காங்க. நேர்ல கூப்பிட்ட முப்பது பேர்ல எடுத்தவங்களுக்கு மட்டும் மெயில் போடு, மத்தவங்க தானாப் புரிஞ்சுக்குவாங்க" என்றாய். பண்டிகை நாளில் எதற்குப் பேச்சு என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் 'புரிஞ்சுக்குவாங்க' காதை விட்டுப் போகவில்லை.

2001இல் உனக்கு மூன்று வயது. ரங்கநாதன் தெரு பக்கம் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடை உனக்குத் தெரியும். அங்கே சேலைப் பிரிவில் எட்டு வருஷம் ஓடியிருந்தது. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். ஒரு அம்மா நாற்பது சேலை பிரிக்கச் சொல்வார், ஒன்றும் எடுக்காமல் போவார். அத்தனையும் மடித்து அடுக்க வேண்டும். ஆள் இல்லாத மத்தியான நேரத்தில்கூடச் சுவரில் சாயக் கூடாது, சாய்ந்தால் சூப்பர்வைசர் பார்த்து அபராதம் போடுவார். கழிப்பறை மொட்டை மாடியில். அதற்குப் போகிற நேரத்தையும் குறித்து வைப்பார்கள் என்பதால் நாங்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். என் காலில் நீலமாகப் புடைத்திருக்கும் நரம்புச் சுருட்டு அங்கே வாங்கியதுதான்.

கடை முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் முதலாளியும் பில் போடுகிறவர்களும்தான். அதனால் வார லீவில் போய் கம்ப்யூட்டர் பில்லிங் படித்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொரு கடையில் பில்லிங்குக்கு ஆள் வேண்டுமென்று தெரிந்ததும் போனேன். சம்பளம் எவ்வளவு என்றுகூட யோசிக்கவில்லை, ஒரு நாற்காலி கிடைக்கும் என்றுதான் போனேன். வேடிக்கை பார், காலை ஒன்பதரையிலிருந்து நாலு மணிவரை மாடிப்படியில் நிற்க வைத்தார்கள். உள்ளே ஐந்து நிமிஷம். எந்த ஊர், வீட்டுக்காரர் என்ன செய்கிறார், பிள்ளை சின்னதாச்சே, அடிக்கடி லீவு போடுவியா. பில்லிங் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. "நம்பர் குடுத்துட்டுப் போங்க, சொல்லி அனுப்பறோம்" என்றார்கள்.

நம் வீட்டில் போன் ஏது? மேற்கு மாம்பலத்தில் நம் சந்து முனையில் இருந்த மளிகைக்கடை அண்ணாச்சி நம்பரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினம் ராத்திரி வேலை முடிந்து ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கி வந்து, அவர் கடை வாசலில் நிற்பேன். வாய் திறந்து கேட்க மாட்டேன். அவரும் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, இல்லை என்று ஆட்டுவார். உங்கள் அப்பா, "கெடைக்கலன்னு தெரிஞ்சிருச்சுல்ல, இன்னும் என்ன?" என்பார். தெரியும்தான். ஆனாலும் ஒருவேளை போன் வந்த நேரத்தில் அவர் சாப்பிடப் போயிருந்தால், கடைப் பையன் எடுத்து மறந்துபோயிருந்தால் என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும். பதினாறு நாள் இப்படி.

பதினேழாம் நாள் அண்ணாச்சியே கூப்பிட்டார். "போன் வந்துச்சும்மா. வேற ஆள் போட்டாச்சாம். உன்னப் பத்தி நல்லாத்தான் சொன்னாவ, அடுத்த தடவ பாக்கலாம்னாவ" என்றார். நான் அழவில்லை. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

நாம் அந்த வீட்டைக் காலி செய்த அன்று அவர் சொன்னார், அப்படி ஒரு போன் வரவே இல்லையாம். "தெனமும் ஒன் மொகத்தப் பாக்க முடியலம்மா, அதான்" என்றார். அந்தக் கடைக்காரர்கள் ஒரு ரூபாய் செலவில் சொல்லியிருக்க வேண்டியதை, அவர் ஒரு பொய் சொல்லி ஈடுகட்டியிருக்கிறார்.

சரி, இன்னொன்று. நீ வயிற்றில் இருந்தபோது நான் வேலை பார்த்த கடையில் என்னை "வேலைய விட்டு நின்னுக்கோ, குழந்தை பெத்துட்டு வா, திரும்ப எடுத்துக்கறோம்" என்றார்கள். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்து, வேலையை விடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். சம்பளத்தோடு 12 வாரம் பிரசவ லீவு 1961ஆம் வருஷச் சட்டத்திலேயே இருந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்? 2017இல் அது 26 வாரம் ஆனபோது உன்னைப் பெற்று பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கையெழுத்தின் விலை, 2018இல் வேலையை விட்டபோதுதான் தெரிந்தது. வேலையை விடும்போது கொடுக்கும் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 1999இலிருந்துதான் கணக்குப் போட்டார்கள். முதல் ஐந்து வருஷம் நான் அங்கே நிற்கவே இல்லை என்றாகிவிட்டது. கணக்கு உனக்குத் தெரியும், கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை வருஷத்தால் பெருக்க வேண்டும். என் சம்பளம் 12,000. ஐந்து வருஷத்துக்கு 34,615 ரூபாய். உன் காலேஜ் கடைசி வருஷ ஃபீஸுக்கு நகையை வைத்தோமே, அப்போது இந்தத் தொகையைக் காலண்டர் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.

இதெல்லாம் பழைய கதை, பெரிய கம்பெனிகளில் இப்படி நடக்காது என்பாய். சித்தி மகள் கோகிலாவைக் கேட்டுப் பார். மூன்று மாசம் நோட்டீஸ் முடித்தாள். கடைசி நாளன்று கொடுக்க வேண்டிய ரிலீவிங் லெட்டருக்கு இன்னும் மெயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதைக் காட்டாமல் புதுக் கம்பெனி சேர்க்காது. பழைய இடத்தில் எச்.ஆர். பதிலே சொல்வதில்லை. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை முதல் நாளே வாங்கிப் பீரோவில் பூட்டினார்களே, அதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் விஜி என்ற தையல்காரப் பெண்ணோடு சேர்ந்து, உட்கார உரிமை வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார்கள். 2018இல் கேரளாவில் சட்டத்தைத் திருத்தினார்கள், 2021இல் நம் ஊரிலும் சட்டசபையில் கொண்டுவந்தார்கள். உட்காருவதற்குச் சட்டம்! போன வருஷம் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் பழைய கடைக்கே போனேன். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் கிடந்தது. அதில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "உக்காரும்மா, நானும் இங்கதான் இருந்தேன்" என்றேன். அவள் கண் சூப்பர்வைசர் பக்கம்தான் போனது.

நீ உட்காரும் நாற்காலி நல்ல நாற்காலி, செல்வம். கஷ்டப்பட்டுத்தான் வந்தாய், அதில் எனக்குப் பெருமைதான். மேலே உள்ளவர்கள் சொல்கிறபடிதான் நீ செய்ய முடியும் என்பதும் புரிகிறது. சம்பளத்தைக் கூட்டிக் கொடு, எல்லோரையும் எடு என்றா கேட்கிறேன்? மிச்சம் இருபத்தெட்டுப் பேருக்கு ஒரு வரி. கம்ப்யூட்டரில் ஒரு தடவை அடித்தால் எல்லோருக்கும் போகும் என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். தீபாவளி முடிந்து நாளாகிவிட்டது, பரவாயில்லை, இப்போதாவது போடு. வந்தவர்களுக்கு உட்கார இடமும் தண்ணீரும் இருக்கிறதா என்று எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிடு.

பொங்கலுக்கு வரும்போது காலுக்குப் போடும் அந்த எலாஸ்டிக் உறை ஒரு ஜோடி வாங்கி வா, பழையது தளர்ந்துவிட்டது. வருகிற வழியில் திசையன்விளையில் இறங்கி அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு வா. கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். போன மாசம் பேசியபோது நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். ஆள் எடுக்கிற வேலை என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எடுக்காதவங்களுக்கும் போன் பண்ணிச் சொல்லுவானாம்மா?" என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா