உப்பு ‘தேவையான அளவு’ என்றால் எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுத் தொழில் பக்கத்தில் போன வாரம் வந்த பாத்திரம் கழுவும் லிக்விட் செய்முறையில், ‘கெட்டியாகும்வரை உப்பு, தேவையான அளவு’ என்று போட்டிருந்தீர்கள். அந்த வரியை நம்பித்தான் பலர் சரக்கை இழக்கிறார்கள். நானும் முதல் தடவை தேன் பதம் வந்தபிறகு இன்னும் இரண்டு கை உப்பு போட்டேன், 20 லிட்டரும் தண்ணீராக இளகிவிட்டது.

அந்த லிக்விடில் அழுக்கெடுக்கும் சோப்புச் சத்து எஸ்.எல்.இ.எஸ். (சோடியம் லாரில் ஈதர் சல்பேட்). அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் ஒரு தலையும் விரும்பாத ஒரு வாலும் உண்டு. தண்ணீரில் அவை வாலை உள்ளே மறைத்து, தலையை வெளியே காட்டி உருண்டையாகச் சேரும். அதுதான் மைசெல். தலைகளில் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும், உருண்டைகளும் தனித்தனியாக ஓடும், கரைசல் நீர்க்கவே இருக்கும். உப்பு போட்டால் அதிலுள்ள சோடியம் அயனிகள் தலைகளைச் சூழ்ந்து அந்தத் தள்ளலைத் தணிக்கின்றன, தலைகள் நெருங்குகின்றன, உருண்டை நீண்டு புழு மாதிரி ஆகி இடியாப்பம்போல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. கெட்டித்தன்மை வருவது இதனால்தான். சோப்புச் சத்து ஒரு துளிகூடக் கூடவில்லை, ஆகவே கெட்டியாக இருப்பதை வைத்துத் தரத்தை எடைபோடாதீர்கள். உப்பு அளவு தாண்டினால் அதே இழைகள் கிளைவிடும், கிளைகள் சேரும் இடங்கள் இழை நெடுக வழுக்கி நகரும், பின்னல் தளர்ந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

எந்த அயனி என்பதும் முக்கியம். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் இரட்டை மின்சுமை கொண்டவை, சோடியத்தைவிட இறுக்கமாக ஒட்டும். அதனால் ஓர் ஊர்க் கணக்கு இன்னோர் ஊருக்குப் பொருந்தாது. நேர்மின்சுமைத் தலை கொண்ட செட்ரிமோனியம் புரோமைடு என்ற இன்னொரு வகை மைசெல் பொருளில் ஒட்ட வேண்டியது உப்பின் மற்ற பாதி, அதாவது எதிர்மின்சுமை அயனி, அங்கே சாதா உப்பின் குளோரைடு அவ்வளவாக ஒட்டாது. ஆனால் சோடியம் சாலிசிலேட் கொஞ்சம் சேர்த்தால் அதன் வளையம் தலைகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும், நீர்த்த கரைசல்கூட ஜெல்லி மாதிரி ஆகிவிடும். கல்லூரி ஆய்வகத்தில் அதைக் கலக்கி நிறுத்தியபோது உள்ளே இருந்த குமிழிகள் வந்த வழியே திரும்பிச் சுழன்றன, அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் நின்றேன்.

அடுத்த முறை உப்பை கிராம் கணக்கில் போடுங்கள். முதலில் ஒரு டம்ளர் கரைசலில் உப்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இளகிப்போன சரக்கைக் கொட்ட வேண்டாம், உப்பு போடாத கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் பதம் திரும்பி வரும்.

— ஒரு வாசகி, தாராபுரம்