கோடியக்கரைக் காட்டு நடை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வனத்துறை அனுமதியுடன் இந்த ஆண்டு ஆறு முறை நடந்தோம். ஏழாவது நடையை மழை கெடுத்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

முதலில் நம் பெயர்ப்பலகைகள் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால் கயிற்றில் கட்டினோம். அடுத்த நடைக்குள் குரங்குகள் பாதியை அவிழ்த்துவிட்டன. மீதியில் ஒன்று, 'பாலை' என்று எழுதியது, நாவல் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது குரங்கின் வேலையா, கட்டிய நம்மவர் வேலையா என்பது விசாரணையில் இருக்கிறது. அச்சுச் செலவு 'இதர செலவினம்' என்ற தலைப்பில் வருகிறது.

பலகை செய்யாததைக் கோடியக்கரைப் பாட்டி ஒருவர் செய்தார். பாலைப்பழத்தைப் பொறுக்கிக் கையில் கொடுத்து, "நாலஞ்சுக்கு மேல தின்னாதீங்க தம்பி, பாலு உதட்டுல ஒட்டிக்கும்" என்றார். கேட்காமல் தின்றவர்களில் அடியேனும் ஒருவன். இந்த மரத்துக்கு உலக்கைப்பாலை என்று பெயர் வந்த காரணத்தையும், தன் வீட்டு உலக்கையைச் சாட்சி வைத்துச் சொன்னார்.

ராமர் பாதத்தில் கதையும் அவருடையதுதான். சரணாலயத்திலேயே உயரமான மேடு அது. ராமர் அங்கே நின்று இலங்கையைப் பார்த்தாராம். "இப்படிப் போனா ராவணன் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய்ச் சேரும். கொல்லை வழியா நுழைஞ்சா நல்லாவா இருக்கும்? அதான் ராமேஸ்வரம் போயிட்டாரு." மேட்டுக்குக் கீழே வெளிமான் கூட்டம் ஒன்று தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. அவற்றுக்காகத்தான் 1967இல் இந்தக் காடு சரணாலயமானது.

சோழர் கால விளக்குத் தூண் நின்ற இடத்தையும் பார்த்தோம். எஞ்சியிருந்ததை 2004 சுனாமி சாய்த்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களைப் பற்றி ஆளுக்கொரு கதை இருந்ததால், அன்று அரை மணி தாமதம்.

கடைசி நடையைக் குழகர் கோயிலில் அந்தி வேளையில் முடித்தோம். கரையில் தனியாக இருக்கும் இறைவனைப் பார்த்து, உமக்குத் துணை யார் என்று சுந்தரர் கேட்ட கோயில். அதே பதிகத்தில், மரப்பொந்தில் ஆந்தையும் கூகையும் குழறுவதை அம்மை அஞ்சுவாளே என்றும் கவலைப்படுகிறார். இந்தக் காட்டைப் பற்றிய பழைய பறவைக் குறிப்பு இதுதான் என்பது என் கட்சி. பேசாமல் இருபது நிமிடம் நின்றோம். ஆந்தை குரல் கொடுத்தது. கூகை கேட்கவில்லை. வரும் ஆண்டு மறுபடி நிற்போம்.

பலகைக்கு ஒதுக்கிய தொகையைப் பாட்டியின் வழிச்செலவுக்கு மாற்றத் தீர்மானம் வைக்கிறேன். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தேநீருக்கு முன் பொருளாளரைப் பார்த்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்