டர்போ வாங்கும் முன் என்ஜினைப் பார்ப்போம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "என் வண்டிக்கு டர்போ போட எவ்வளவு ஆகும்?" என்ற கேள்வியோடுதான் கோவையில் உள்ள நம் பட்டறைக்குப் பலரும் வருகிறீர்கள். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. சிலர் டர்போவும் அதை மாட்டும் பாகங்களும் சேர்ந்த கிட்டைக் கையோடு வாங்கியே வந்துவிடுகிறீர்கள். ஆனால் எந்த டர்போ என்பதற்கு முன்னால் எந்த என்ஜின் என்பது முடிவாக வேண்டும். செலவு கூடுவதும் குறைவதும் அதைப் பொறுத்துத்தான்.

டர்போ இல்லாத இன்றைய பெட்ரோல் என்ஜின்களில் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அளவு, பெரும்பாலும் 10, 11 என்று இருக்கும். அதில் டர்போவால் 0.5 பார் பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) கொடுத்தாலே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகிறது. அழுத்தமும் சூடும் எகிறி, ஸ்பார்க் வைத்த தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடிக்கிறது. இதுதான் நாக்கிங். நாக்கிங் வாங்கிய என்ஜினின் பிளக்கைக் கழற்றினால், வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருக்கும். அவற்றோடு அலுமினியத் துணுக்கும் மின்னினால் பிஸ்டன் அரிபட ஆரம்பித்துவிட்டது. பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்த்தால், முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவிலிருக்கும் மெல்லிய விளிம்பு துண்டாகக் கையில் வரும். அதுவரை வண்டி ஜோராகத்தான் ஓடியிருக்கும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

டர்போவுக்கென்றே கம்பெனி செய்த என்ஜினில் என்ன வித்தியாசம்? டொயோட்டா சுப்ரா காரின் 2ஜேஇசட் என்ஜின் நல்ல உதாரணம். அதே 3 லிட்டர், அதே வார்ப்பிரும்பு பிளாக். ஆனால் டர்போ இல்லாத ஜிஇ வகையில் கம்ப்ரஷன் 10, டர்போ உள்ள ஜிடிஇ வகையில் 8.5. போதாததற்கு, பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீச்சிச் சூட்டைத் தணிக்கும் ஜெட்டுகளும் ஜிடிஇ-யில் உண்டு. வெளியிலிருந்து ஒரு டர்போவை மாட்டுவதால் இவையெல்லாம் வந்துவிடாது.

ஆகவே எங்கள் யோசனை இதுதான்: டர்போவோடு பிறந்த வண்டியையே தேடுங்கள். பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸின் 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ என்ஜின் 150 பிஎஸ் (குதிரைத்திறன்) தந்தது. அதுவும் இரும்பு பிளாக். எங்களுக்கு மிகப் பிடித்த என்ஜின். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). எரிபொருள், ஸ்பார்க் அளவுகளைச் சொல்லும் கம்ப்யூட்டர் மேப்பை மாற்றினால் அது நன்றாகவே ஏறும், ஆனால் அதன் 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கம்பெனி வைத்த வரம்பு 250 நியூட்டன் மீட்டர். என்ஜினை மட்டும் பார்த்து ஏற்றிக்கொண்டே போனால் அப்புறம் கியர்பாக்ஸ் பில் வரும்.

"என் ஹோண்டா சிட்டி விடெக்கை விட மனசில்லை" என்பவர்களும் இருக்கிறீர்கள். புரிகிறது, 106 பிஎஸ் தரும் அருமையான என்ஜின் அது. போர்ஜ்டு (அடித்து வலுவாக்கிய) பிஸ்டன், ராடு, பெரிய இன்ஜெக்டர், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், தனி இசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) எல்லாம் போட்டு டர்போ வைக்கலாம். மொத்தக் கணக்கைப் பார்த்தபின் முடிவெடுங்கள். உள்ளே எதையும் தொடாமல் கிட்டை மட்டும் மாட்டித் தரச் சொன்னால் செய்ய மாட்டோம்.

பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்துதான் வருகிறது. எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், நல்லதுதான். ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாகப் போக வேண்டும். இன்ஜெக்டரையும் பம்பையும் அதற்குத் தகுந்தபடி பெரிதாகவே எடுப்போம். நாக்கிங்கை அதிகம் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோலை நம்பி மேப் போட மாட்டோம். வழியில் கிடைப்பதை ஊற்றினாலும் வண்டி தாங்க வேண்டும்.

சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகச் சந்தையிலோ வேறு எங்கோ பழைய என்ஜின் எடுப்பதாக இருந்தால், என்ஜின் நம்பரும் ரசீதும் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை போடுகிறது. என்ஜின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டப்போகிற வண்டி என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதன் திட்டமே வேறு.

வரும்போது ஆர்சியும் பழைய சர்வீஸ் பில்களும் எடுத்து வாருங்கள். கம்ப்ரஷன், லீக்-டவுன் (சிலிண்டரிலிருந்து காற்று எவ்வளவு கசிகிறது) இரண்டும் சோதித்து, சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்த்த பிறகே எஸ்டிமேட் தருவோம். அதுவரை கிட் எதற்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறை நண்பர்கள்