விளங்காத நாவலும் கூடாத நாவலும்: கிளிநொச்சித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீர் நடத்துகிற வாசிப்பு வட்டம் 'ஜே.ஜே: சில குறிப்புக'ளால் இரண்டாகப் பிரிந்துவிட்டதாக எழுதியிருந்தீர். ஒரு பக்கம் "குப்பை" என்கிறதாம், மற்றப் பக்கம் "உங்களுக்கு விளங்கவில்லை" என்கிறதாம். முதலாவது வாசித்தவரின் களைப்பு. இரண்டாவது எதிரே இருப்பவரை மட்டம் தட்டுகிற பேச்சு. அதுதான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வருகிற விசயம். இரண்டையும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கிவிட்டு, அடுத்த கூட்டத்தில் முதல் வசனத்தை மட்டும் எடும்.

சுந்தர ராமசாமியின் அந்த நாவல் வந்தது 1981இல். ஜோசப் ஜேம்ஸ் (அவன்தான் ஜே.ஜே.) என்கிற மலையாள எழுத்தாளன் 1960 ஜனவரி 5இல், பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் இறந்தான் என்று தொடங்குகிறது. காம்யு உண்மையிலேயே ஜனவரி 4இல் கார் விபத்தில் இறந்தவர். ஜோசப் ஜேம்ஸோ கற்பனை ஆள். இல்லாதவனின் சாவை இருந்தவரின் சாவோடு ஒரே வசனத்தில் முடிச்சுப் போட்டாயிற்று. பின்னால் வருகிற நினைவுகள், நாட்குறிப்பு எல்லாம் அந்த முடிச்சில்தான் தொங்குகின்றன. கதையைத் தேடுகிறவருக்கு 50 பக்கத்தில் அலுத்துவிடும். ஒருவரின் வாழ்க்கை வரலாறு என்று எண்ணி வாசித்தால் வழி திறக்கும். அதற்குப் பிறகும் ஒருவர் "ஜே.ஜே. அளவுக்கு மீறிப் பேசுகிறான்" என்றால், அது நியாயமான குறை. குறித்து வையும்.

கவனமில்லாமல் எழுதியதைப் பரிசோதனை என்று சொல்லித் தப்பவும் விடக்கூடாது. வன்னி நாவல் ஒன்றில், கோடையில் பழுக்கிற பாலைப்பழம் மார்கழி மழைக்குள் கொட்டுகிறது என்று வையும். பருவத்தைக் குலைப்பதுதான் எழுதியவரின் எண்ணம் என்றால் காலபோக நெல் அறுவடையும் இடம் மாறும், குளம் நிரம்பி வான் பாய்கிற நாளும் மாறும், ஆட்களின் நடமாட்டமும் அதற்கேற்ப மாறும். மற்றதெல்லாம் நாட்காட்டிப்படி நடக்க பாலைப்பழம் மட்டும் தவறினால், அவர் காட்டைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்.

கடினமான நாவலைத் தினமும் 5 பக்கமாக இழுக்கவேண்டாம் என்று சொல்லும். பேசுகிற குரல்கள் காதில் தங்காது. ஒரே இருப்பில் 30 பக்கம் வேண்டும். யார் பேசுகிறார், எந்தக் காலம் என்று பென்சிலால் ஓரத்தில் குறிக்கட்டும். முடித்ததும் முதல் 10 பக்கத்துக்குத் திரும்பவேண்டும். நல்ல நாவலென்றால் முன்பு இருண்டு கிடந்த வரிகள் அங்கே வெளிக்கும். கூடாததில் அதே இருட்டுத்தான் இருக்கும், அல்லது வெறும் சோடனை என்று தெரிந்துவிடும். பாதியில் மூடி வைக்கிறவரைக் குறை சொல்லாதேயும். எந்தப் பக்கத்தில், எதனால் மூடினார் என்று மட்டும் கேளும்.

அடுத்ததாக அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை வையும். 1973இல் வந்தது, களம் வன்னியிலுள்ள தண்ணிமுறிப்புக் கிராமம். கதை நேராகப் போகும், அகராதி தேவைப்படாது. சிக்கலாக இருந்தால்தான் இலக்கியம் என்கிறவர்கள் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

இன்னொன்று. 48ஆம் பக்கத்துக்குப் பிறகு 65 வந்தால் அதைப் புதுமை என்று நினைத்து மண்டையை உடைக்கவேண்டாம். அச்சகத்தில் 16 பக்கமாக மடிக்கிற தாள் (பாரம்) ஒன்று புத்தகம் கட்டும்போது விடுபட்டிருக்கும். பிரதிகளைக் கொடுக்க முதல் எண்ணிப் பாரும்.

அன்புடன்,
அண்ணன்