தவளை செய்யத் தெரிந்த கைகள் இருக்கும்போதே

தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரன். மீன்பிடிப்பது என் தொழில் இல்லை. ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து கையில் தூண்டில் உண்டு. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் விராலுக்குத் தூண்டில் போட்டுப் பழகிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கையால் செய்யும் பொய் இரைகளையும், அவற்றோடு சேர்த்துச் சொல்லும் கதைகளையும் நீங்கள் பதிவு செய்ய வேண்டும். கடலுக்குப் போகிறவர்களின் அறிவைப் பற்றி ஓரளவாவது எழுத்து இருக்கிறது. குளத்துத் தூண்டில்காரனைப் பற்றி அந்த அளவுக்குக்கூட இல்லை. தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் உங்கள் கல்லூரிக்கும் எங்கள் குளங்களுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்தான். மீனைப் பேர் சொல்லி அடையாளம் காட்டத் தெரிந்த பிள்ளைகளும் உங்களிடம்தான் இருக்கிறார்கள்.

எதைப் பதிவு செய்யச் சொல்கிறேன் என்று ஒரு பொருளை வைத்தே சொல்கிறேன். எங்கள் ஊரில் நாங்கள் பாட்டையா என்று கூப்பிடும் ஒருவர் செருப்பில் தவளை செய்வார். தேய்ந்துபோன ஹவாய் செருப்பின் குதிகால் பக்கம்தான் அவருக்கு வேண்டும். முன்பக்கம் மிதிபட்டு அமுங்கியிருக்கும், மிதக்காது என்பார். பிளேடால் இரண்டு விரல்கணு நீளத்துக்கு வெட்டி, மூக்கைக் கூராக்கி, வயிற்றை மட்டும் உருட்டாக விட்டுவிடுவார். சைக்கிள் ஸ்போக்கை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி மூக்கிலிருந்து பின்பக்கம் வரை ஒரு துளை போடுவார். இரண்டு ஒற்றைத் தூண்டில் முள்ளை முதுகோடு முதுகு சேர்த்து, பழைய மோட்டார் காயிலின் செம்புக் கம்பியால் இறுகச் சுற்றி அந்தத் துளையில் ஏற்றுவார். முள்ளின் இரண்டு நுனியும் தவளையின் முதுகில் படிந்து, மேல் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் அல்லி இலை, தாமரை இலை மேலெல்லாம் சிக்காமல் வழுக்கி வரும். பின்னங்காலுக்கு சைக்கிள் டியூப் கீற்று.

இதுவரை வீடியோ பார்த்தே யாரும் செய்துவிடலாம். இதற்கப்புறம்தான் அவருடைய வேலை இருக்கிறது. பழைய வீச்சு வலையிலிருந்து உதிர்ந்த ஈயக் குண்டைத் தட்டித் தகடாக்கி, வயிற்றின் பின்பக்கம் ஒரு துண்டு செருகுவார். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மூக்கு மேலே தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து, நிஜத் தவளை ஓய்ந்து மிதக்கும் கோலத்தில் நிற்க வேண்டும். மட்டமாக மிதந்தால் இன்னும் கொஞ்சம் ஈயம். கவிழ்ந்தால் ஈயம் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம், எடுத்துத் திரும்பச் செருக வேண்டும். விரலால் தட்டிவிடுவார். அது தலையை ஆட்டிவிட்டு உடனே பழைய நிலைக்கு வந்தால்தான் ஒத்துக்கொள்வார். எவ்வளவு ஈயம் என்று கேட்டால் அவரால் கிராமில் சொல்ல முடியாது. அந்தச் செருப்பைக் கையில் அமுக்கிப் பார்த்துத்தான் சொல்வார். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும்.

சரி, செருப்புத் தவளை செய்தாயிற்று. அதைப் போடத் தெரிய வேண்டாமா? விரால் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடும் மீன் இல்லை. காற்றை விழுங்க அடிக்கடி மேலே வந்தே ஆக வேண்டும். உங்கள் மாணவர்கள் இதைப் பாடத்தில் படித்திருப்பார்கள். பாட்டையா அதை ஒரு கதையாகச் சொல்வார். மேலே வந்த விரால் எந்தப் பக்கம் வால் அடித்துத் திரும்பியது, அந்த வளையம் எந்தப் பக்கம் நீண்டது, அதை வைத்து மீன் எங்கே போய் நிற்கும் என்று அவருடைய அப்பா கணித்த கதை. தவளையை மீனின் தலையில் போடக்கூடாது, தாண்டிப் போட்டு இழுத்து வர வேண்டும் என்பதும் அந்தக் கதைக்குள்ளேயே வந்துவிடும். மீன் அடித்தவுடனே நாம் பதறிப்போய் இழுப்போம். தவளை மட்டும் பறந்து வரும். "அவசரப்படாதல. வெத்தல மடிச்சு வாயில வைக்குத நேரம் குடு" என்பார். மீன் வாயை மூடி அமுக்கும்போது செருப்பு அமுங்கும், மேலே படிந்திருந்த முள் அப்போதுதான் வெளியே வரும், அதற்குத்தான் அந்த நேரம். தவளையின் மென்மையும் காத்திருக்கும் நேரமும் ஒரே கணக்கின் இரண்டு பாதி. பொருளை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பாதிதான் கிடைக்கும்.

கதைகளைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகும்போது விரால் குஞ்சு பொரிக்கும். சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொப்பளிக்கும், ஆணும் பெண்ணும் அடியில் காவல் நிற்கும். அந்த நேரத்தில் குஞ்சுக்கூட்டத்தின் மேல் எதைப் போட்டாலும் தாய்மீன் சீறி அடிக்கும். பசியால் அல்ல, பிள்ளையைக் காக்க. இன்றைக்கு இளம் தூண்டில்காரர்கள் பலர் இதைத்தான் சுலபமான வழி என்று நினைக்கிறார்கள். அடி உறுதி, படமும் நன்றாக வரும். எனக்கு இதைப் பார்க்கவே ஆகாது. தாய்மீன் போய்விட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். எங்கள் பெரியவர்களிடம் இதற்கென்றே ஒரு கதை உண்டு. குஞ்சோடு நின்ற விராலைப் பிடித்து வந்தவன் வீட்டில் அந்த மீனைச் சமைக்க யாரும் முன்வரவில்லை, கடைசியில் அவனே அதைக் கொண்டுபோய்க் குளத்தங்கரையில் புதைத்தான் என்று முடியும். நடந்ததோ இல்லையோ, அதைக் கேட்டு வளர்ந்த ஒருவன்கூடக் குஞ்சுக்கூட்டத்தின் மேல் தூண்டில் வீசி நான் பார்த்ததில்லை. அறிவிப்புப் பலகை வைத்து இதைச் சாதிக்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

குளத்தில் என்னென்ன மீன் இருந்தது என்பதற்கும் இந்தக் கதைகள்தான் சாட்சி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று எல்லாக் குளத்திலும் இருக்கிறது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வந்து சேர்ந்துவிட்டது. இப்போது தூண்டில் எடுக்கும் பையனுக்கு இவைதான் நம்மூர் மீன். பாட்டையா கதையில் உளுவையும் ஆராலும் குரவையும் வரும். எந்த மடையில், எந்த மாதம், எந்த இரைக்கு என்று வரும். பழைய கணக்கெடுப்பு இல்லாத குளங்களுக்கு உங்கள் ஆய்வாளர்கள் வேறு எங்கே போய்க் கேட்பார்கள்?

தமிழுக்கு இது புதிதும் அல்ல. அகநானூற்றின் 36ஆம் பாட்டில் மதுரை நக்கீரர் ஒரு விரால் கதை சொல்கிறார். வளைந்த இரும்பில் கோத்த இரையை ஆண் விரால் ஒன்று விழுங்குகிறது. ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூக்கள் சிதைய எழுந்து பாய்கிறது. வள்ளைக் கொடியை எல்லாம் கலக்கிவிட்டு, தூண்டில்காரன் இழுக்க இழுக்க வராமல், கயிறு கட்டிய முரட்டுக் காளையைப் போல விடியற்காலைக் குளத்தை உழக்குகிறது. தூண்டிலில் விரால் மாட்டி, அது கொடிக்குள் பாய்ந்து தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டதை அனுபவித்த எவனும் சொல்வான், அந்தப் புலவர் குளக்கரையில் நின்று பார்த்தவர் என்று. அவர் பாடி வைத்தார், நமக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனை தலைமுறைத் தூண்டில்காரர்களை யாரும் எழுதாமலே விட்டுவிட்டோம்!

எழுதியவர்கள் வேறு ஆட்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873இலேயே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். 1946இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினி ஆற்றில் பிடித்த மாஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீன் 120 பவுண்டு என்று இன்றுவரை பேசப்படுகிறது. அவர்கள் எழுதி வைத்ததில் எனக்குக் குறை இல்லை, நன்றிதான். ஆனால் எந்த மடுவில் மீன் நிற்கும் என்று தெரிந்த உள்ளூர்க்காரனின் குரலில் ஒரு பக்கம்கூட என் கைக்குக் கிடைத்ததில்லை.

பின்லாந்தில் லவுரி ரபாலா என்ற ஏழை மீனவர் 1936இல் செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, மேலே சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி ஒரு பொய் மீன் செய்தார். அடிபட்ட குஞ்சு மீன் தள்ளாடி நீந்துவதைப் படகிலிருந்து உற்றுப் பார்த்து, அதே தள்ளாட்டத்தை அதில் கொண்டு வந்தார். இன்று அந்தப் பெயரில் உலகம் முழுக்க லூர் என்னும் பொய் இரை விற்கிறது, தமிழ்நாட்டுக் கடைகளிலும் தொங்குகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து டவாஜியாக் ஊரில், ஜேம்ஸ் ஹெட்டன் 1890களில் மரத்தில் செதுக்கிய தவளையிலிருந்து வளர்ந்த தொழிலுக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. அந்தத் தவளைக்கும் பாட்டையாவின் செருப்புத் தவளைக்கும் புத்தியில் எந்தக் குறைவும் இல்லை. அதை யாரோ எடுத்து வைத்தார்கள், இதை யாரும் எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் தீவாகிவிட்டது, ரயிலே நின்று போனது. பாட்டையா வீட்டுக்குள் இடுப்புக்கு மேல் தண்ணீர். உயிரைக் காப்பாற்றிக்கொண்டு மாடிக்கு ஏறியவர்கள் தூண்டில் பெட்டியையா எடுப்பார்கள்? தகரப் பெட்டியோடு எல்லாம் போய்விட்டது. அவர் அப்பா முருங்கை மரத்தில் செதுக்கிய தவளையும், எவர்சில்வர் டீஸ்பூனின் காம்பை வெட்டிச் செய்த தகட்டு இரையும், சேவல் கழுத்து இறகைப் பட்டுநூலால் கட்டிய சின்ன முள்ளும் அதில்தான் இருந்தன. ஒரு புகைப்படம்கூட யாரிடமும் இல்லை. அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. செம்புக் கம்பியைச் சுற்றும்போது பேரனைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். அதனால்தான் இந்தக் கடிதத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

எப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்களை இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். கேள்வித்தாள் வேண்டாம். முதல் நாள் கேமராவும் வேண்டாம், குளத்தங்கரைக்குக் கூடப் போய்வந்தால் போதும். பிறகு கைகளைக் கிட்டத்தில் வைத்துப் படம் பிடியுங்கள். தப்பாகப் போனதையும் வெட்டாமல் வையுங்கள். கவிழ்ந்த தவளையை அவர் எப்படிச் சரி செய்கிறார் என்பதில்தான் பாடமே இருக்கிறது. அவர்கள் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிவிடாதீர்கள். மடை, கசம், பாசி, கரைச் செடி என்று இடத்துக்கு இடம் அவர்கள் சொல்லும் பேர் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு பொருளோடும் செய்தவர் பேர் அவர் சம்மதத்தோடு இருக்க வேண்டும். அப்புறம், கூலி. ஒரு நாள் சொல்லிக் கொடுக்க வந்தால் விருந்தினர் ஆசிரியருக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே அவருக்கும் கொடுங்கள். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பிவிடக் கூடாது.

இதை எல்லாம் வெளியிட்டால் குளத்தை வந்து மொய்த்துவிடுவார்களே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான பயம்தான். மீன்பாசி ஏலம், அதாவது குளத்தில் மீன்பிடிக்கும் உரிமை, எடுத்தவர்களோடு தகராறு வரும் குளங்களும் உண்டு. அதனால் குளத்தின் பேரையும் இடக்குறிப்பையும் தனியே பூட்டி வையுங்கள். செய்முறையும் கதையும் மட்டும் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். ஈயத்துக்குப் பதில் வேறு என்ன எடை வைக்கலாம் என்று உங்கள் ஆய்வகத்தில் பார்த்துச் சொன்னால் பெரியவர்களும் கேட்டுக்கொள்வார்கள், குளத்துக்கும் நல்லது.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், அது தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் உள்ளூர் மக்களின் மரபறிவுக்கு இடம் உண்டு. மூலிகை எழுதும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தூண்டில் அறிவை எழுத எந்தத் தடையும் இல்லை. பஞ்சாயத்தில் நாங்கள் போய்க் கேட்டால் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிப்பார்கள். உங்கள் பேராசிரியர் ஒருவர் கூட வந்தால் வேலை நடக்கும்.

இளம் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்பது பொய். ஐநூறு ரூபாய் கொடுத்து வாங்கிய லூர் முதல் வீச்சிலேயே கொடியில் அறுந்து போனதும் முகம் வாடி நிற்கும் பையன்களை ஞாயிற்றுக்கிழமை எந்தக் குளக்கரையிலும் பார்க்கலாம். செருப்பில் ஒன்று செய்து கொடுத்தால் கண் விரிகிறது. தானே செய்த தவளையில் ஒரு விரால் அடித்துவிட்டால் அந்தப் பையன் அதற்கப்புறம் குளத்தையே வேறு மாதிரி பார்க்கிறான். தண்ணீர் எப்போது வருகிறது, பாசி எப்போது படர்கிறது, மீன் எப்போது குஞ்சு பொரிக்கிறது என்று கேட்கத் தொடங்குகிறான்.

எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் யார் யார், எந்த ஊர் என்று நான் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் கூப்பிட்டால் நேரில் கொண்டுவந்து தருகிறேன். பங்குனி, சித்திரையில் குளம் வற்றி அவர்களுக்கு வேலை குறைவாக இருக்கும், பேச நேரம் கிடைக்கும். அதற்குள் இரண்டு மாணவர்களை மட்டுமாவது அனுப்பி வையுங்கள். சாப்பாடும் தங்கும் இடமும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரைத் தூண்டில்காரன் ஒருவன்