பாப்பாவின் பங்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் நிலத்தில் தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் உன் தங்கச்சி பாப்பாவிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நீ போனில் சொன்னபோது நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உன் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆனது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு 2005 வரை அது கிடையாது. எனக்குக் கல்யாணம் 1986இல். உன் தாத்தா, என் அப்பா, காலமான பிறகு அவருடைய பாகத்தில் எனக்கும் உரிமை இருந்தது. மாமாக்கள் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன்.

மாமாக்கள் நல்லவர்கள். உங்கள் காதுகுத்துக்கும் பாப்பா கல்யாணத்துக்கும் குறையில்லாமல் சீர் செய்தார்கள். "எங்கக்கா ஒரு சென்ட்கூட கேக்கல, தங்கமான மனுஷி" என்று இன்றைக்கும் சொல்வார்கள். கேட்டிருந்தால் அந்தத் தங்கம் என்ன ஆகியிருக்கும்? மாமாக்கள் இருக்கும் அதே தெருவில் ஒரு பெண் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். அவளை அதிகமாக ஏசியது பெண்கள்தான். தாங்கள் விட்டுக்கொடுத்ததை இவள் மட்டும் எப்படிக் கேட்கலாம் என்ற கோபம் அது. அவளுடைய அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டார். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கும் அண்ணன் தன்னைக் கொடுப்பவனாகவே நினைத்துப் பழகிவிடுகிறான். தங்கை தனக்கு விட்டுக்கொடுத்த நிலம் அவன் கண்ணில் படுவதே இல்லை. தங்கையோ, பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டுமே என்று பயந்து கையெழுத்துப் போடுகிறாள். இரண்டு பேரும் அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். உனக்கும் பாப்பாவுக்கும் நடுவில் அது வர வேண்டாம்.

அவளுக்குத்தான் நகை போட்டாச்சே என்று சொன்னாய். போட்டோம், சரி. அதில் பாதிக்கு மேல் மாப்பிள்ளை கடைக்காக அடகுக்குப் போய்விட்டது. உன் இன்ஜினியரிங் ஃபீஸையும், சிங்கப்பூர் போக ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்தையும் உன் பங்கில் கழிக்க வேண்டும் என்று இந்த வீட்டில் யாராவது பேசியிருக்கிறோமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா போன நாளிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை என்று மருமகள் சொன்னாள். அம்மாவைப் பார்ப்பது, வீட்டைக் காப்பது, தங்கச்சிக்குச் சீர் செய்வது எல்லாம் உன் தலையில்தான் என்று சின்ன வயதிலிருந்து உன் காதில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நிலம் முழுவதும் உனக்கு என்பதும் அந்தப் பேச்சோடு சேர்ந்து வந்ததுதான். பாப்பாவும் இந்த வீட்டுப் பிள்ளை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி கூட இருந்தவள் அவள்தான். என்னைப் பார்த்துக்கொள்வதிலும் அவளுக்குப் பங்கு உண்டு. மகள் வீட்டில் போய் இருந்தால் ஊர் பேசும் என்கிறார் பெரியப்பா. பேசட்டும்.

பொங்கலுக்கு வரும்போது கூட ஒரு வாரம் லீவு போடு. உனக்கும் அவளுக்கும் சரிசமமாக வருகிற மாதிரி பாகப்பிரிவினைப் பத்திரம் தயார் செய்யச் சொல்கிறேன். மூலப்பத்திரமும் பட்டாவும் பீரோவில் இருக்கின்றன. அதற்கு முன்னால் நீயே பாப்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல். நான் அவளிடம் இன்னும் எதுவும் பேசவில்லை.

அன்புடன்,
அம்மா