தேர்தல் முடிந்த பிறகு: ஒஹாயோவில் இருக்கும் மகனுக்கு

சேலம்
நவம்பர் 2012

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், மின்சாரத்தைத் தவிர. வந்த நேரத்தைவிடப் போன நேரம்தான் அதிகம். உன் அப்பா ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கியே ஜவ்வரிசியில் வந்த காசைக் கரைத்துக்கொண்டிருக்கிறார். ஈரமாவு புளித்துப்போகிறது என்று தினமும் புலம்பல். கம்ப்யூட்டரை நம்பி உட்கார்ந்தால் பாதியில் அணைந்துவிடும் என்பதால் பேப்பரில் எழுதுகிறேன். உன் தங்கை படம் பிடித்து அனுப்புவாள். கையெழுத்து புரியவில்லை என்று சாக்குச் சொல்லாதே.

தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவன், துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினாய். ஒபாமா மறுபடி ஜெயித்துவிட்டார், உங்கள் குடியரசுக் கட்சியின் ராம்னி தோற்றுவிட்டார், ஒஹாயோவும் கைநழுவிவிட்டது, நீ வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட ஜோஷ் மேண்டலும் செனட்டுக்குப் போகவில்லை. வரியும் அரசாங்கத் தலையீடும் கூடாது என்று குடியரசுக் கட்சிக்குள் கிளம்பிய உங்கள் இயக்கத்தைச் சொல்லி, "இனி எங்கள் டீ பார்ட்டி அவ்வளவுதானம்மா" என்றாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "உனக்கு இந்த ஊர் அரசியல் புரியாது" என்று போனை மருமகளிடம் கொடுத்துவிட்டாய்.

அந்த ஊர் அரசியல் எனக்கு அரைகுறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரி, லைசென்ஸ், எதற்கெடுத்தாலும் அரசாங்கத்தின் தலையீடு என்று கொதித்து எழுந்த ஒரு கட்சி எப்படி வளர்ந்தது, எப்படி ஆளில்லாமல் போனது என்பதைச் செவ்வாய்ப்பேட்டையில் பாவாடை கட்டிய வயதில் கண்ணால் பார்த்தவள் நான்.

உன் தாத்தாவின் மண்டி மாடியில்தான் சுதந்திராக் கட்சியின் ஊர் அலுவலகம் இருந்தது. பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதே. ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, நட்சத்திரச் சின்னம் எழுதிய மரப்பலகை, மூலையில் அடுக்கிய கல்கி, ஸ்வராஜ்யா பத்திரிகைகள். கீழே பருப்பு மூட்டை, மேலே ராஜாஜி படம். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், கூட்டுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. நிலம் போய்விடும் என்று குடியானவர்கள் பயந்தார்கள், அடுத்தது கடைதான் என்று வியாபாரிகள் பயந்தார்கள். அந்த ஆண்டே, எண்பது வயதில், ராஜாஜி புதுக்கட்சி தொடங்கினார். என்.ஜி. ரங்கா, மினு மசானி எல்லோரும் கூட வந்தார்கள். எதைச் செய்யவும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டிய ஆட்சிக்கு 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்று ராஜாஜி வைத்த பெயரை, மண்டிக்குச் சரக்கு எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் தாத்தா சொல்லிக்கொண்டிருப்பார். இந்த ஊருக்கு ராஜாஜி அன்னியர் இல்லை. இங்கே வக்கீல் தொழில் பார்த்தவர், 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானவர்.

1962இல் மக்களவையில் 18 இடம். 1967இல் 44, காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி. நம் மாநிலச் சட்டமன்றத்தில் 20. அடுத்த முறை டெல்லியே நம் கையில் என்று தாத்தா பேசினார். அடுத்த முறை, 1971இல், கிடைத்தது 8. மறு ஆண்டு டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974இல் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கட்சி கரைந்தது. பெயர்ப்பலகையைத் தூக்கிப் போட தாத்தாவுக்கு மனம் வரவில்லை. நட்சத்திரம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து, சுவரில் இரண்டு முட்டு அடித்து, பேரேடு வைக்கும் தட்டாக்கிவிட்டார். உன் மாமா இன்றும் அதன் மேல்தான் சிட்டைகளை அடுக்குகிறார். குனிந்து பார்த்தால் வெள்ளைப் பெயிண்ட் தெரியும்.

கட்சியைக் கொன்றது 1971 தோல்வி என்றுதான் பலரும் சொல்வார்கள். இந்திரா காந்தி வறுமையை விரட்டுவோம் என்றார், எதிரே கூட்டணி கட்டி நின்றவர்கள் இந்திராவை விரட்டுவோம் என்றார்கள். ஜனங்கள் எதைக் கேட்பார்கள்? அது சரிதான். ஆனால் நோய் 1967 வெற்றியிலேயே தொற்றிவிட்டது என்பேன் நான். காங்கிரஸை வீழ்த்த வேண்டும் என்று அப்போது தி.மு.க.வோடு கூட்டு. நட்சத்திரம் எழுதப் பழகிய கைகள் செவ்வாய்ப்பேட்டைச் சுவர்களில் உதயசூரியன் எழுதின. தானிய வியாபாரத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று மாடியில் பேசியவர்களே, "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று தெருவில் கோஷம் போட்டார்கள். தாத்தாவும் போட்டார். மண்டிக்காரர், அரிசியும் விற்கிறவர்! நான்கே ஆண்டில் எல்லாம் தலைகீழ். காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார்கள், தி.மு.க. 184 இடம் பிடித்தது. யாரை வீழ்த்துவது என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறியது. நகராட்சி வார்டுக்கு நட்சத்திரத்தில் யாரை நிறுத்துவது என்று அந்த மாடியில் ஒரு கூட்டமாவது நடந்து நான் பார்த்ததில்லை. பேச்செல்லாம் டெல்லி. ராஜாஜி போனதும் படியேற ஆளில்லை.

உங்கள் கதை அப்படியே இதுதான் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு ராஜாஜி கிடையாது. 2009 பிப்ரவரியில் சிகாகோவில் ஒரு டிவிக்காரர், அடுத்தவன் கட்டாத வீட்டுக் கடனை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கத்தினார், ஊர் ஊராகக் கூட்டம் கூடியது, மறு ஆண்டு நவம்பரில் குடியரசுக் கட்சிக்குக் கீழவையில் 63 இடம் கூடியது. தலைவர் போனால் இயக்கம் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இல்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவன் தாறுமாறாகப் பேசினால் வாயை மூடு என்று சொல்லவும் ஆளில்லை. ஒபாமாவை இறகு செருகிய மந்திரவாதியாக வரைந்து தூக்கிப் பிடித்த அட்டையை நான் பத்திரிகையில் பார்த்தேன். அவர் பிறந்தது அமெரிக்காவிலா என்று பிறப்புச் சான்றிதழ் கேட்டு வருடக்கணக்கில் நச்சரித்தார்கள். உன் நிறமும் என் நிறமும் என்ன என்று அந்த ஆட்களுக்குத் தெரியாதா? எல்லோரும் அப்படி இல்லை, பஞ்சாபி அப்பா அம்மாவுக்குப் பிறந்த நிக்கி ஹேலியைத் தென் கரோலினாவில் ஆளுநராக்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று நீ சொல்வாய். உண்மைதான். அந்த அட்டையைக் கீழே இறக்கு என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி. நீ சொன்னாயா?

இன்னொரு வித்தியாசம், பெரிய வித்தியாசம். இங்கே டிக்கெட் தலைமை கொடுப்பது. கட்சி பிடிக்கவில்லை என்றால் வெளியே போய்ப் புதுப் பலகை மாட்டுவதுதான் வழி. உங்களிடம் பிரைமரி இருக்கிறது, கட்சியின் வேட்பாளர் யார் என்று ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வது. பழைய வீட்டுக்குள்ளேயே புகுந்து பூட்டை மாற்றலாம். பக்கத்து இண்டியானாவில் 36 ஆண்டு செனட்டராக இருந்த ரிச்சர்ட் லூகரை மே மாதப் பிரைமரியில் உங்கள் ஆட்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரை அங்கே ஜெயித்தவர் நவம்பரில் தோற்று, இடம் ஜனநாயகக் கட்சிக்குப் போனது. டெக்ஸாசில் அதே வேலையைச் செய்த டெட் க்ரூஸ் செனட்டுக்குப் போகிறார். ஆகவே உங்கள் இயக்கம் செத்துவிடும் என்று நீ அழுவது வீண். அது சாகாது. பெயர் மாறும், அந்தக் கட்சிக்குள்ளேயே குடியிருந்து அதன் குணத்தை மாற்றும். எனக்குக் கவலை, எப்படிப்பட்ட குணம் என்பதில்தான். போன ஆண்டு, அரசாங்கம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற உச்சவரம்பை உயர்த்த விட மாட்டோம் என்று உங்கள் உறுப்பினர்கள் முரண்டு பிடித்தார்கள். கடைசியில் சமரசம் ஆயிற்று, ஆனாலும் நாட்டின் கடன் மதிப்பீட்டை ஸ்டாண்டர்ட் அண்ட் பூர்ஸ் என்ற மதிப்பீட்டு நிறுவனம் ஒரு படி இறக்கியது. மண்டி வைத்திருப்பவன் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட மாட்டேன் என்று சொல்லி மரியாதை சம்பாதித்ததை நான் பார்த்ததில்லை.

அப்புறம், அரசாங்கமே வேண்டாம் என்று எவனும் உண்மையில் சொல்வதில்லை, கண்ணு. வரியை எதிர்த்துக் கட்சி தொடங்கிய ராஜாஜிதான் 1939இல் மாகாணப் பிரதமராக இருந்தபோது விற்பனை வரியைக் கொண்டுவந்தவர். 1937இல் நம் சேலம் ஜில்லாவில்தான் முதன்முதலில் மதுவிலக்குப் போட்டார். கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? இதைக் கேட்டால் தாத்தா "அது வேறு" என்பார். உன் அப்பாவிடம் கேள், அரசாங்கம் தொழிலை நசுக்குகிறது என்று ஒரு மணி நேரம் பேசுவார். பேசிவிட்டு, சரக்கை ஏலம் விட, அரசாங்க மேற்பார்வையில் நடக்கும் சேகோசர்வ் ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு வண்டி அனுப்புவார். உன் மாமா செப்டம்பர் 20 அன்று மண்டியைப் பூட்டினார். எதற்கு? சில்லறை வணிகத்தில் அன்னிய முதலீட்டை அரசாங்கம் தடுக்க வேண்டும் என்று. சந்தையில் தலையிடாதே என்று பலகை மாட்டிய அதே மாடிக்குக் கீழே, சந்தையில் தலையிடு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நான் சிரித்தேன், அவர் கோபித்துக்கொண்டார். உங்கள் ஊரில் 2009இல் ஒரு பெரியவர், அரசாங்கம் என் மெடிகேரில் கை வைக்கக் கூடாது என்று கூட்டத்தில் எழுந்து சொன்னாராமே, மெடிகேர் என்பதே முதியவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் மருத்துவக் காப்பீடு, அவரும் உன் மாமாவும் நன்றாகப் பழகுவார்கள்.

உன் மாநிலமும் அதைத்தான் சொன்னது, நீங்கள் பாதியைத்தான் கேட்டீர்கள். போன நவம்பரில் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற திருத்தத்துக்கு நீங்கள் கையெழுத்து வாங்கி ஓட்டுக்கு விட்டீர்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாக ஆதரவு. எனக்குப் போன் போட்டுக் குதித்தாய். அதே நாள், அதே வாக்குச்சீட்டில், ஆசிரியர், போலீஸ், தீயணைப்புக்காரர்களின் சங்கப் பேர உரிமையைக் குறுக்கிய சட்டத்தை அதே ஜனங்கள் தூக்கி எறிந்தார்கள். அதைப் பற்றி நீ பேசவே இல்லை. நான் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டு ஓட்டையும் போட்ட ஒருவரையாவது உட்கார வைத்துக் காபி கொடுத்துக் கேட்டிருந்தால், இந்த வருடம் இத்தனை அதிர்ச்சி வந்திருக்காது.

கேட்பதற்கு ஆள் உன் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். நான் வந்திருந்த குளிர்காலத்தில், நீ எழுவதற்கு முன்பே நம் வாசல் பனியையும் சேர்த்து அள்ளிப் போட்டாரே, அந்த ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் வாசலில் ஒபாமா பலகை நட்டார் என்பதற்காக அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாயாம். மருமகள் வருத்தப்பட்டாள். இங்கே தாத்தா தேர்தல் முழுக்கக் காங்கிரஸ்காரர்களை வாய்கிழியத் திட்டுவார், ஓட்டு எண்ணிய மறுநாள் அதே ஆட்களோடு லீ பஜாரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார். வியாபாரம் நடக்க வேண்டுமே.

மருமகள் இன்னொன்றும் சொன்னாள். அடுத்த ஆண்டு உங்கள் ஊர்ப் பள்ளி வாரியத் தேர்தலுக்கு உன்னை நிற்கச் சொல்லி நூலகத்தில் நடக்கும் உங்கள் டீ பார்ட்டி கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். நீ "அது போய் ஒரு பதவியா" என்று தட்டிக் கழித்தாயாம். நீங்கள் எல்லோரும் 2016க்கு இன்னொரு நல்ல அதிபர் வேட்பாளரைத் தேடப் போகிறீர்களாம். மறுபடியும் டெல்லிப் பேச்சு! என்னைக் கேட்டால் நில். உன் மகள் படிக்கிற பள்ளிக்கூடம், அதன் பட்ஜெட்டைத் திறந்து பார்க்க உனக்குத் தெரியும், கணக்குதான் உன் தொழில். ஓட்டுக் கேட்க அந்த வாத்தியார் வீட்டுக் கதவையும் தட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் நிற்பதற்கு முன்னால் ஒன்றை யோசித்து எனக்கு எழுது. உங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பணம் போதவில்லை என்றால் கூடுதல் சொத்து வரிக்கு ஜனங்களிடம் ஓட்டுக் கேட்பார்களே, லெவி என்பாயே, அது வந்தால் என்ன செய்வாய்? வரி கூடாது என்று அட்டை பிடித்தவன் நீ. பஸ்ஸை நிறுத்துவதா, பாட்டு வகுப்பை எடுப்பதா, வரியைக் கேட்பதா என்று அந்த மேசையில் உட்கார்ந்து நீ கை தூக்க வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் தூக்குவாய்? சுற்றி வளைக்காமல் எழுது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தேர்தல் என்றாலே உனக்கு வேலை போய்விடும் என்று பயப்படுவார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். பேத்திக்குத் தட்டுவடை பார்சல் போட்டிருக்கிறேன், பூண்டுச் சட்னி தனிப் பொட்டலத்தில். மின்சாரம் வந்துவிட்டது, மிக்ஸியில் மாவு போட வேண்டும்.

அன்புடன்,
அம்மா